கறுப்பு ஸ்ட்ராப், கேன்வாஸ் ஷூ

அத்தியாயம் 11

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அக்கா அதற்காக வருத்தப்படவும் இல்லை. மூன்று மாடி ஏறி வந்து, நாற்காலியில் விழுந்து, இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காபி" என்று மட்டும் சொன்னாள்.

"பால் இல்லைக்கா. பால் இருந்தா சர்க்கரை இருக்காது. ரெண்டும் இருந்திருந்தா நாம இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டோம்" என்றான் ரேடியோ.

வாயை மூடத் தெரியாதவன் என்பதால் அந்தப் பெயர். அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் போலீஸ் வேலையை உதறிவிட்டு இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்த நாளிலிருந்து அவள் ஊருக்கே அக்காதான். அவளைவிட வயதில் மூத்த இன்ஸ்பெக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, மீதிப் பாதி ஓசியில் யோசனை கேட்கும் தந்திரம்.

மேஜைக்கு எதிரே மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து படிக்கட்டில் காத்திருந்தாளாம். அழுது அழுது முகம் வீங்கி, இனி அழவும் தெம்பில்லை என்ற நிலைக்கு வந்துவிட்ட பெண். மடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"நாளைக்குக் காலையில கேஸ் கோர்ட்டுக்குப் போகுதுக்கா. அப்புறம் என் வீட்டுக்காரரை வெளிய எடுக்கவே முடியாதுன்னு வக்கீல் சொல்றார்."

அக்காவுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏரியில் ஒரு ஆண் பிணம் மிதந்தது. தண்ணீரில் ஊறி முகம் அடையாளமே தெரியவில்லை. அதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே ஒரு ஹோட்டல் மேனேஜரைக் காணவில்லை. அவருடைய ஒரே சொந்தம், இதோ எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தத் தங்கை. கட்டம் போட்ட சட்டையையும் கையிலிருந்த வாட்சையும் பார்த்து, "எங்க அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தவள் இவள்தான். ஒரு வாரம் ஆகவில்லை, போலீஸ் இவள் புருஷனைத் தூக்கிவிட்டது. மெக்கானிக்கும் மச்சானும் ஒர்க்‌ஷாப் வாசலில் கட்டிப் புரண்டதைத் தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. சம்பவம் நடந்த இரவு மெக்கானிக் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். சாட்சி பெண்டாட்டி. பெண்டாட்டி சொல்வதை எந்த ஸ்டேஷனில் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்?

அக்கா இழுப்பறையைத் திறந்து இரண்டு போட்டோவை எடுத்தாள். இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி வாங்கியவை. "முகம் இருக்காது. பயப்படாம பாரும்மா. ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா சொல்லு."

ஒன்றில் ஒரு மணிக்கட்டும் வாட்சும். இன்னொன்றில் கட்டம் போட்ட சட்டை, வெளிறிய கால்சட்டை, நீல நிற கேன்வாஸ் ஷூ. மெக்கானிக்கின் மனைவி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முதல் தடவை பார்த்தபோது அவளுக்குக் கண் எங்கே இருந்தது? இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஸ்ட்ராப் தப்பா இருக்குக்கா."

"தப்பான்னா?"

"கறுப்பு ஸ்ட்ராப். அது ஹோட்டலுக்குப் போட்டுட்டுப் போறது. கோட்டு, கறுப்பு ஷூ, கறுப்பு ஸ்ட்ராப். லீவு நாள்ல இந்த மாதிரிச் சட்டை போட்டா பிரவுன் ஸ்ட்ராப்தான். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழட்ட மாட்டார், முதல்ல உட்கார்ந்து ஸ்ட்ராப்பை மாத்துவார். அம்மா செத்த அன்னிக்கும் மாத்தினார்க்கா. எனக்கு அவ்வளவு கோபம் வந்தது."

"என்கிட்டயும் ஒரு வாட்ச் இருக்கு" என்றான் ரேடியோ. "கல்யாணத்துக்கும் பொருந்தும், கக்கூசுக்கும் பொருந்தும். என்ன, ஓடாது."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பால் வாங்கக் கிளம்புவதுபோல் எழுந்து, கிளம்பாமல் நின்றான்.

மெக்கானிக்கின் மனைவி அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினாள். வாட்ச் வந்த பெட்டி. உள்ளே ஸ்ட்ராப் மாற்றும் சின்ன ஊசி மட்டும் கிடந்தது. "பிரவுன் ஸ்ட்ராப்பை இதுலதான் வச்சிருப்பார். காணோம். அண்ணன் வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டேன். போலீஸ் எடுத்திருக்குமோ?"

அக்கா இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"நாங்க எடுக்கலைக்கா" என்றார் அவர். "ஸ்ட்ராப் கலருக்காக ஒரு கொலைகாரனை வெளிய விட்டா, நாளைக்குப் பனியன் கலருக்காக இன்னொருத்தனை விடச் சொல்வீங்க. எனக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருக்கு, ஆளை விடுங்க."

பெட்டியின் மூடியில் கடையின் விலாசம் இருந்தது. போக வேறு இடம் எதுவும் இல்லை. அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தாள். ஏறிய மூன்று மாடியையும் இறங்க வேண்டும்.

*

பஸ்ஸில் நின்றுகொண்டே அக்கா இருவருக்கும் பாடம் எடுத்தாள். "கடையில அவர் செத்துட்டார்னு மூச்சு விடக் கூடாது. செத்தவரைப் பத்திக் கேட்டா எல்லாரும் அவரை மகானாக்கிடுவாங்க. உயிரோட இருக்கிறவரைப் பத்திக் கேட்டாத்தான் உண்மை வரும்."

"நான் செத்தா என்னை என்ன சொல்வாங்கக்கா?"

"அமைதியா இருக்குன்னு சொல்வாங்க."

மெக்கானிக்கின் மனைவி சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ரெண்டு பேரும் எனக்கு வேணும்னுதான்க்கா நினைச்சேன்" என்றாள். "அண்ணனுக்கு இவரைப் பிடிக்கலை. நகத்துல கிரீஸ் இருக்கிறவனுக்கா உன்னைக் கொடுப்பேன்னு கத்தினார். மீறித்தான் கட்டிக்கிட்டேன். ஒருத்தர் போயிட்டார், இன்னொருத்தரும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலைக் கண்டுபிடிக்க முடியாதது அக்காவுக்கே அலுப்பாக இருந்தது.

வாட்ச் கடை ஒரு மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே நீளமான கண்ணாடி மேஜை, அதன் பின்னால் சுவரில் ஒரு ஆணியில் கறுப்பு கோட்டு. கடைக்காரர் மெலிந்த மனிதர். வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

அக்கா பெட்டியை மேஜை மேல் வைத்தாள். "இதுல இருந்த வாட்சை வாங்கினவரை ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமாங்க?" கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேர் தெரியாது. நான் வச்ச பேர் பொருத்தம் சார். மூணு மாசம் என் உயிரை எடுத்துத்தான் இதை வாங்கினார். நீங்க அவருக்கு...?"

"வேண்டியவங்க. இதே மாதிரி ஒண்ணு வாங்கணும். அவர் எப்படித் தேடிப் பிடிச்சார்னு தெரிஞ்சா எங்களுக்கு வேலை மிச்சம்."

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போலக் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார். ஆணியிலிருந்த கோட்டை எடுத்து ரேடியோவுக்கு மாட்டி, ஒரு தடித்த வாட்சையும் கட்டிவிட்டார். "ஒரே வாட்ச், ஆபீசுக்கும் போடணும், ஊர் சுத்தவும் போடணும்னு வர்றவங்களுக்கு இதுதான் என் வழக்கம். முதல்ல கோட்டு. கையை மடக்குங்க சார், நீட்டுங்க. பாருங்க, இந்தத் தடி வாட்ச் கோட்டுக் கைக்குள்ள போகாம முட்டுது. கோட்டுக்கு மெலிசா இருக்கணும், தானா உள்ள வழுக்கிட்டுப் போகணும். இப்போ கோட்டைக் கழட்டி, சட்டைக் கையைச் சுருட்டுங்க. அதே வாட்ச் இப்போ பாட்டி நகை மாதிரி இருக்கக் கூடாது. தங்கக் கலர் அங்கேயே அவுட். ஸ்டீல்தான். எல்லாத்தோடயும் ஒத்துப்போகும்."

"மாப்பிள்ளை பார்க்கிறதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லை" என்றான் ரேடியோ.

"அவர் வெள்ளை டயல் எடுத்தார், நம்பர் இல்லாம கோடு மட்டும் போட்டது. நம்பர் வச்சா ஸ்கூல் பையன் மாதிரி இருக்காம். இருட்டுல மின்னுற முள்ளு வேண்டாம், டயலுக்குள்ள மூணு குட்டி வட்டம் இருக்கிறது வேண்டாம். தேதி இருக்கலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சார். கடைசியில வேண்டாம்னார். ஸ்டீல் செயின் போட்டா ரெண்டுக்கும் ஆகும்னு நான் சொன்னேன். இல்ல, ரெண்டுக்கும் ஆகும்னா ரெண்டுக்கும் சுமார்னு அர்த்தம்னார். ரெண்டு தோல் ஸ்ட்ராப் வாங்கினார், கறுப்பு ஒண்ணு, பிரவுன் ஒண்ணு. நானே மாத்திக்கிறேன்னு ஊசி கேட்டு வாங்கிட்டுப் போனார்."

"கேன்வாஸ் ஷூ போட்டுட்டு கறுப்பு ஸ்ட்ராப் கட்டுவாரா?"

கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். "அவரா! ஒரு நாள் அவசரத்துல மாத்தாம கடைக்கு வந்துட்டார். பேசி முடிக்கிறவரை கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தார்ங்க."

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். இதைச் சொல்லி இன்ஸ்பெக்டரிடம் போனால் சிரிப்பார். மேனேஜர் தானாக அந்த வாட்சைக் கட்டவில்லை, வேறு யாரோ கட்டிவிட்டார்கள், சரி. அந்த யாரோ மெக்கானிக்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கிரீஸ் கைக்கு மேட்சிங் எங்கே தெரியும் என்பார். ஆறு கிலோமீட்டர் பஸ்ஸில் நின்று வந்து, இவள் புருஷன் கழுத்துக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கியதுதான் மிச்சம். அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ரேடியோ இன்னும் கோட்டோடு நின்றுகொண்டிருந்தான். தங்க நிற வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, இந்த மஞ்சள் சட்டைக்கு இது பொருந்துதா? உண்மையைச் சொல்லுங்க" என்றான்.

"கட்டிக்கிட்டுப் போங்க சார்" என்றார் கடைக்காரர் அலுப்பாக. "வாங்கப் போறதில்லைன்னு தெரியுது. உங்க கையில எது இருந்தா எனக்கென்ன, என் கையா?"

அக்கா நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"தப்பா நினைக்காதீங்கம்மா, சும்மா..."

"இல்லை, சரியாத்தான் சொன்னீங்க. அவர் கையா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மனிதன் தன் கையில் தப்பான ஸ்ட்ராப் இருந்தால் துடித்துப்போவான். முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான். அடுத்தவன் கையென்றால்? அதுவும் பேசாத, நகராத, யாரும் பாராட்டப் போகாத ஒரு கை என்றால்? வேலையிலிருந்து வந்த கோலத்தில் தன் கையில் கறுப்பு ஸ்ட்ராப்போடு கிடந்த வாட்சைக் கழற்றி அப்படியே கட்டிவிடுவான். அலமாரியிலிருந்து தன் பழைய சட்டையை எடுத்து மாட்டிவிடுவான். பிணத்துக்கு எதற்கு மேட்சிங்? ஆனால் கிளம்பும்போது பெட்டியிலிருந்த பிரவுன் ஸ்ட்ராப்பை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். வாட்ச் இல்லாத ஸ்ட்ராப்பை எவன் எடுத்துப் போவான்? வாட்ச் வாங்கப் போகிறவன்தான்.

"இந்த ரெண்டு மூணு வாரத்துல" என்றாள் அக்கா மெதுவாக, "இதே வாட்சை, ஸ்ட்ராப் இல்லாம, யாராவது கேட்டாங்களா?"

கடைக்காரர் முகம் மாறியது. மெக்கானிக்கின் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல தெரிஞ்சா சத்தம் போடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னாரே. நீங்க அவர் சம்சாரமாம்மா?"

"தங்கச்சி" என்றாள் அவள். குரல் எங்கிருந்தோ வந்தது. "யார் சொன்னது?"

"பொருத்தம் சார்தாங்க. போன வாரம் போன் பண்ணார். அதே மாடல், ஸ்ட்ராப் வேண்டாம், என்கிட்ட ஒண்ணு இருக்குன்னார். ஸ்டாக் இல்லை, வரவழைக்கிறேன்னு சொன்னேன். இன்னிக்குக் காலையிலதான் வந்தது. வந்ததும் சொல்லுங்கன்னு ஒரு லாட்ஜ் நம்பர் கொடுத்திருக்கார், வெளியூர் நம்பர்."

ரேடியோ கோட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தான்.

மெக்கானிக்கின் மனைவி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரமாகக் கறுத்திருந்த முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. "அண்ணன் உயிரோட இருக்காரா?" என்று அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியையும் அவளே புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தாள். அதைச் சொல்லும் தைரியம் அக்காவுக்கு இல்லை. அந்த வெளிச்சம் மெல்ல மெல்ல அணைவதைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது.

"அப்போ என் வீட்டுக்காரர் ரெண்டு வாரமா உள்ள இருக்கிறது... அண்ணனுக்குத் தெரியுமாக்கா?"

"பேப்பர்லயே வந்துதேம்மா."

கடைக்காரர் பயந்துபோய் நின்றார். அக்கா இரண்டே வரியில் அவருக்கு விஷயத்தைச் சொல்லி, "நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம். வாட்ச் வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். பிறகு மெக்கானிக்கின் மனைவி பக்கம் திரும்பினாள். "நான் சொன்னா இன்ஸ்பெக்டர் நம்ப மாட்டார். அந்தக் குரலை அடையாளம் சொல்ல உன்னை விட்டா ஆள் இல்லை. கேளு. ஆனா ஒரு வார்த்தை பேசினாலும் அவர் உஷாராயிடுவார், அப்புறம் கண்ணுல சிக்க மாட்டார். உன் வீட்டுக்காரர் உள்ளயேதான். பேசாம இருக்க முடியுமா?"

அவள் தலையை ஆட்டினாள். முடியும் என்றா, முடியாது என்றா, தெரியவில்லை.

லாட்ஜில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டு, கடைசியில் ஒரு குரல் வந்தது.

"சொல்லுங்க."

"சார், வாட்ச் வந்துடுச்சு."

"வந்துடுச்சா!" குழந்தைபோலச் சந்தோஷம். "கண்ணாடியில கீறல் இல்லையே? வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. அதே வெள்ளைதானே, பால் வெள்ளை இல்லையே?"

"அதேதான் சார்." அக்கா சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கடைக்காரர் தானாகவே கேட்டார். "பழசு என்னாச்சு சார்?"

"தண்ணியில விழுந்துடுச்சுங்க. விடுங்க, போனது போகட்டும். இங்க பத்து கடை ஏறி இறங்கிட்டேன், ஒண்ணும் மனசுக்கு ஒட்டலை. கை வெறுமையா இருந்தா ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

மெக்கானிக்கின் மனைவியின் உதடு பிரிந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். 'அண்ணா' என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நிற்பது வெளியே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்த குரல் அது. கூப்பிட்டால் ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்வான். கூப்பிடாவிட்டால் நாளைக்கு அவன் கையில் விலங்கு. ரேடியோ அவள் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினான். அக்கா வேண்டாம் என்று சைகை செய்தாள். இதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கி மோவாயில் நின்றது. துடைக்கக்கூட இல்லை, சத்தம் வந்துவிடுமோ என்று.

"பார்சல்ல அனுப்பட்டுமா சார்?"

"ஐயோ, வேண்டாம். கையில போட்டுப் பார்க்காம எப்படி? நாளைக்குக் கடை திறந்ததும் நானே வரேன்."

போன் அடங்கியது. தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினார். அது கீழே விழுந்தது. மறுபடி எடுத்து மாட்டினார்.

"அவர்தானாம்மா?" என்றாள் அக்கா.

"எங்க அண்ணன்தான்." அதே வார்த்தை. இந்த முறை அவள் மயங்கி விழவில்லை. "ஸ்டேஷனுக்குப் போலாம்க்கா. நானே சொல்றேன். நான் சொன்னாத்தானே எழுதிப்பாங்க."

அக்கா இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, சிரிக்காமல் கேட்கும்படி கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நாளைக் காலையில் கடைக்கு ஆள் போடுகிறேன் என்றார். பிறகு, எதுக்கு இந்த நாடகம்னு அவர் வாயாலயே கேட்டுக்கிறேன், ஏரியில் கிடந்தது அப்போ யாருக்கா என்றார். யாரோ ஒருவன். ஹோட்டலில் தங்க வந்தவனோ, வழியில் அகப்பட்டவனோ. அந்தச் சட்டை அவனுக்குச் சரியாக இருந்தது, அவன் செய்த பாவம் அவ்வளவுதானோ என்னவோ.

கடையை விட்டு இறங்கும்போது மெக்கானிக்கின் மனைவி படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, அப்போ மூணு வாரமா நான் யாருக்காக அழுதேன்?"

அக்காவுக்கு முழங்கால் வலித்தது. எங்கேயாவது உட்கார வேண்டும்போல இருந்தது. அந்தப் பெண்ணின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு படி இறங்கினாள்.

"அந்த ஆளுக்கு இன்னும் யாரும் அழலையேம்மா" என்றாள். "அவனுக்காக அழுததா இருக்கட்டும்."